தண்ணில உட்டுப் பாத்தியா

பச்சையப்பண்ணன் கத்தினப்போ எனக்கு மொதல்ல அவரு காலு ஞாபகத்துக்கு வரலக்கா. பாட்டில் தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

மாமா காரு, முன்னாடி போன ஜெனரேட்டர் வண்டில முட்டிகினு நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல பச்சையப்பண்ணன். அவரு கழுத்துல மாட்டியிருந்த பெரிய டிரம்மு வாரு அறுந்து ரோட்டுல உருண்டு போவுது. பேண்டு செட்டுல ஒருத்தர் ஒருத்தரா வாசிக்கறத நிறுத்தறாங்க. கடசில கிளாரினெட்காரருக்கு மட்டும் விஷயம் தெரியல, அவரு கண்ண மூடிகினு வாசிச்சுகினே கீறாரு. மாமா ரெண்டு கையாலயும் ஹேண்ட் பிரேக்க இழுத்து புடிச்சிகினு, "காலு உள்ள பூட்ச்சு, காலு உள்ள பூட்ச்சு"ன்றாரு. மெய்யாலுமே அவரு காலு பிரேக் பெடலோட சேந்து அடிப் பலக வரைக்கும் போயிருந்துச்சு. நான் பக்கத்து சீட்டுல கையில பூத்தட்டோட உக்காந்து அந்தக் கால தான் பாக்கறேன். பாத்துகினே, ஐயோ அந்த பாட்டிலுன்னு நெனக்கறேன்.

நீ தூங்கியிருப்ப. காலைல ஆபீஸ் கேப்புக்கு நிக்கும்போது தான் இத பாப்ப. வாய்ஸ் அனுப்பலாம்னா அத்த பக்கத்துலயே படுத்துகினு கீது, அதான் டைப் பண்றேன். முழுசா படிச்சிட்டு அப்பறம் திட்டு. அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாத.

அப்பாவுக்கு ஜபல்பூர் பேக்டரிக்கு மாத்தல் வந்து, பிளஸ் டூ முடிக்கற வரைக்கும் என்ன கள்ளிக்குப்பத்துல கஜபதி மாமா ஊட்ல உட்டப்போ நீ தான சொன்ன, புள்ள இல்லாத ஊடு, உன்ன தூக்கி தலமேல வெச்சிப்பாங்க, நீயா பாத்து எறங்கி நடந்துக்கடின்னு. நான் எறங்கவே இல்லக்கா. ஜெகதாம்பா அத்த மீன் கொழம்பு வெச்சா நடுத்துண்டு எனக்கு தான். மாமா கம்பெனி வேன் ஓட்றத உட்டுட்டு மைனர்னு சொல்ற அந்த பழைய காலத்து கார மட்டும் வெச்சிகினு கீறாருல்ல, அதுல அவரு என்ன தவுர வேற யாரையும் கை வெக்க உட மாட்டாரு. உத்தமன் மெக்கானிக்கயே, பக்கத்துல நின்னுகினு, பாத்துப்பா பாத்துப்பான்னு உசுர எடுப்பாரு.

ஐயப்பன்தாங்கல் போனப்பறம் நீ அந்த வண்டிய பாக்கல. துணிக் கூரைய பின்னாடி மடிச்சி கட்டிட்டு, மெரூன் கலர் அடிச்சி, ஆவடி பட்டாபிராம் பக்கம் எந்த மண்டபத்துல மாப்ள அழைப்புன்னாலும் அது தான் போவுது. ரெண்டு முகூர்த்தம் முன்னாடி ஒரு மாப்ளைய ஏத்திகினு போனப்போ, ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்கி, அதுக்கப்பறமும் வண்டி ஆடிகினே போச்சு. மாப்ள தலப்பா எறங்கி மூக்கு வரைக்கும் வந்துடுச்சு. பொண்ணு ஊட்டுக்காரங்க பால்கனிலேர்ந்து பாத்து சிரிச்சிட்டாங்க. ஒரு பெரியவரு மாமாகிட்ட வந்து, மாப்ளைய கூட்டினு வர சொன்னா தொட்டில்ல போட்டு ஆட்டிகினு வர்றியே நைனான்னாரு. மாமாக்கு மூஞ்சி சுருங்கி போச்சு.

ஷாக் அப்சார்பர்ல ஆயில் எறங்கிடுச்சுன்னாரு. இப்ப வர்ற வண்டிக்கு இருக்கற மாரி நெட்டக் குழா கெடையாது அதுல. ஒரு இரும்பு டப்பா, அதுலேர்ந்து கை மாரி ஒரு தண்டு சக்கரத்துக்கு போவும். டப்பாக்குள்ள ஆயில் இருந்தா தான் வண்டி ஒரு வாட்டி அமுங்கி எழுந்து நிக்கும். கொறஞ்சிட்டா ஊஞ்சல். மேல ஒரு சின்ன நட்டு இருக்கும், அத தொறந்து தான் ஊத்தணும். எடம் குறுகல், மாமா கை உள்ள போவாது. என் கை போவும்.

அந்த ஞாயித்துக்கெழம காலைல அதான் வேல. மழை வர்ற மாரி மூட்டமா இருந்துச்சு. ஆயுத பூஜைக்கு வாங்கின பொரி மீந்து நமத்து போயிருந்துச்சு, அத்த அத வெங்காயம் போட்டு தாளிச்சி குடுத்துது, நான் பாக்கெட்ல போட்டுகினு தின்னுகினே வேல செஞ்சேன். மாமா சொல்லி குடுத்த மாரி தான் செஞ்சேன்க்கா. மொதல்ல நட்ட சுத்தி கீற மண்ண கம்பி பிரஷ்ஷால தேச்சி, மண்ணெண்ண துணியால தொடச்சி, அப்பறம் தான் தொறந்தேன். ஒரு மண்ணு உள்ள உழுந்தா கூட ஷாக்கு காலி. மெடிக்கல்ல வாங்கின பெரிய ஊசில ஒரு டியூப்ப சொருகி, கொஞ்சம் கொஞ்சமா உட்டேன். அத்த முன் மட்கார்டு மேல உக்காந்து எழுந்து உக்காந்து எழுந்து வண்டிய ஆட்டுச்சு, உள்ள கீற காத்து வெளிய வர்றதுக்கு. நம்ம அத்த எட தான் உனக்கு தெரியுமே. வண்டி முனகுச்சு. மாமா, ஜெகதா உன்ன கட்டிகினதுக்கு இன்னிக்கி தான் ஒரு லாபம்னாரு. அத்த ஸ்பானர எடுத்து அடிக்க வந்துச்சு. நான் சிரிச்சதுல பொரி பொறயேறிடுச்சு.

இந்த பாட்டில் விஷயத்த சொல்லணும். ஷாக் ஆயிலு, பிரேக் ஆயிலு ரெண்டயும் மாமா ஒரே மாரி ரெண்டு பழைய ஜூஸ் பாட்டில்ல தான் ஊத்தி வெப்பாரு. கலரும் ஒண்ணு தான். பிரேக்குக்கு சிவப்பு ஒயரு, ஷாக்குக்கு நீல துணி, கழுத்துல சுத்தியிருப்பாரு. ஆயுத பூஜ அன்னிக்கி அத்த ஷெட்ட மொத்தமா கழுவுச்சு. ஸ்பானரு, ஜாக்கி, பாட்டிலு, எல்லாத்தயும் தொடச்சி சந்தனம் குங்குமம் வெச்சுது. அந்த ஒயரும் துணியும் அழுக்கா பிசுக்குன்னு இருந்துச்சுன்னு அவுத்து குப்பைல போட்டுட்டு, ரெண்டுக்கும் புதுசா மஞ்ச கயிறு கட்டி உட்டுடுச்சு. மாமா திட்டல. சாமிக்கு செஞ்சது, இருக்கட்டும்னாரு. ஒரு தட்டுல தண்ணி வெச்சிகினு ஒரு சொட்டு உட்டு பாரு, கரஞ்சிட்டா பிரேக்கு, மெதந்தா ஷாக்குன்னாரு. அவருக்கு அந்த சொட்டு சரியா தெரியாது. அதனால எங்கிட்ட சொன்னாரு.

அவரு கண்ணு விஷயம் உனக்கும் முழுசா தெரியாதுக்கா. சுகர்ல கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சி லேசர் வெச்சாங்கல்ல, அப்பறம் நல்லாயிடுச்சுன்னு தான் ஊட்ல எல்லாருக்கும் சொல்லியிருக்காரு. அத்தைக்கும் அப்டி தான். ஆனா மாப்ள அழைப்புக்கு என்ன கூட்டினு போறது பூ தூவறதுக்கு இல்ல. பொழுது சாஞ்சா நான் பக்கத்துல உக்காந்துகினு, மாமா ரைட்ல பைக்கு, மாமா முன்னாடி ஒரு பாப்பா ஓடுதுன்னு சொல்லிகினே வரணும். அவரு என்ன சொல்ல சொல்லி கேட்டதில்ல. நானும் ஏன்னு கேட்டதில்ல. ஒரு நாள் அம்பத்தூர் ஓ.டி. ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நின்னோம், வர்ற பஸ்ஸு நம்பர் இன்னா போட்டுகீதுன்னு சும்மா கேக்கற மாரி கேட்டாரு. பஸ்ஸு பக்கத்துலயே வந்துடுச்சு அப்போ.

ஷாக்குக்கு நான் ஒழுங்கா தண்ணில உட்டு பாத்தேன். சொட்டு மெதந்துச்சு. ரெண்டு பக்கமும் ஊத்தி நட்ட முடுக்கிட்டேன். அது முடிஞ்சதும் மாமா ட்ரைவர் கதவ தொறந்து, கால வெளிய போட்டு, குனிஞ்சி, கார்ப்பெட்ட தூக்கிகினு உக்காந்தாரு. அந்த வண்டில பிரேக் ஆயில் ஊத்தற எடம் கால் வெக்கற பலகைக்கு அடில கீது. ஒரு ஓட்ட, உள்ள இருட்டு. அது மட்டும் அவரு வேல. பிரேக்க யாரும் தொடக்கூடாது.

"அகலு, பிரேக் ஆயில குடு. தண்ணில உட்டுப் பாத்தியா?"

தட்டுல இருந்த தண்ணிய அத்த அப்ப தான் செடில கொட்டிட்டு தட்ட எடுத்துகினு உள்ள பூட்ச்சு. கொழா பின்னாடி கீது. என் காதுல இயர்போன், என் பிரெண்டு ராதிகா லைன்ல கீறா. இன்னா பெரிய பேச்சுன்னு கேளேன். எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி முடிய ஸ்ட்ரெயிட் பண்ணிகினா, அதுல அவ மூஞ்சி நீளமா தெரியுதா இல்லயான்னு. அது தான் பேச்சு. கீழ ரெண்டு பாட்டிலும் பக்கம் பக்கமா நிக்குது. நான் ஷாக் பாட்டில இடது பக்கமா வெச்ச ஞாபகம். வலது பக்கத்துல இருந்தத எடுத்தேன்.

"பாத்தேன் மாமா"ன்னேன்.

அவரு வாங்கி ஊத்தினாரு. பெடல நாலஞ்சி வாட்டி மிதிச்சாரு. பாட்டில கீழ வெச்சாரு. அது பக்கத்துல நான் இன்னொரு பாட்டிலயும் வெச்சிருந்தேன். மறுபடி எடுத்து இன்னும் கொஞ்சம் ஊத்தி மூடினாரு. மழ தூற ஆரமிச்சிடுச்சு. அவ்ளோ தான்க்கா நடந்தது.

அடுத்த புதங்கெழம பட்டாபிராம்ல மாப்ள அழைப்பு. புள்ளையார் கோயில்லேர்ந்து மண்டபம், நடந்தா பத்து நிமிஷம், ஊர்வலம் போனா ஒரு மணி நேரம். மழ விட்டு ரோடு பளபளன்னு இருந்துச்சு. முன்னாடி ஜெனரேட்டர் வண்டி, ரெண்டு பக்கமும் லைட்ட தலைல தூக்கிகினு ஆளுங்க, அதுக்கு பின்னாடி பேண்டு, அதுக்கு பின்னாடி நம்ம வண்டி. ஷாக் சூப்பரா இருந்துச்சு, மாப்ள செல மாரி உக்காந்துகினு வந்தாரு. மாமா திரும்பி என்ன பாத்து, கை ராசிம்மா உனக்குன்னாரு. போற வழில ரெண்டு வாட்டி பெடல் ஒரு மாரி கீதுன்னு சொன்னாரு. புதுசா ஊத்தினதுல்ல, காத்து இருக்கும்னு அவரே பதிலும் சொல்லிகினாரு. ஏதோ ரப்பர் தீயற நாத்தம் வந்துச்சு, பக்கத்துல வெடி வெச்சாங்க, நான் அதுன்னு நெனச்சேன்.

மண்டபத்துக்கு திரும்பற எடத்துல ரோடு எறக்கம். ஜெனரேட்டர் வண்டி பள்ளத்துல மாட்டி நின்னுடுச்சு. பச்சையப்பண்ணன் எங்கள பாத்த மாரி திரும்பி நின்னு அடிச்சிகினு கீறாரு, மாப்ளைய பாத்து சிரிச்சிகினே. நான், மாமா நிறுத்துன்னு சொல்ல வாய தொறக்கறேன், அதுக்குள்ள அவரே பாத்துட்டாரு. எனக்கு முன்னாடி பாத்தாரு. எனக்கு முன்னாடி மிதிச்சாரு. இத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். அவரு கண்ணு அன்னிக்கி ஒரு தப்பும் பண்ணலக்கா.

கூட்டம் சேந்து வண்டிய பின்னாடி தள்ளினாங்க. பச்சையப்பண்ணனுக்கு மொழங்காலுக்கு கீழ எலும்பு ஒடஞ்சி வெளிய தெரிஞ்சுது. மாப்ளைய யாரோ பைக்ல உக்கார வெச்சி மண்டபத்துக்கு கூட்டினு பூட்டாங்க. மாப்ளையோட சித்தப்பா மாமா சட்டய புடிச்சி, கெழட்டு வண்டிக்கு கெழட்டு ட்ரைவரு, எல்லாம் ஊத்திகினு வந்து ஏறிட வேண்டியதுன்னாரு. மாமா அந்த சட்டைய புடிச்ச கைய எடுத்து உடாம, அப்டியே நின்னுகினே, ஆட்டோ கூப்புடுங்க, ஆட்டோ கூப்புடுங்கன்னாரு.

ஆஸ்பத்திரில பச்சையப்பண்ணனோட சம்சாரம் வந்துச்சு. கன்னியம்மான்னு பேரு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில கூட்டற வேல, அந்த நீல கோட்டோட அப்டியே வந்துச்சு. அண்ணன் பகல்ல பெயிண்ட் அடிக்கறவரு, சாரத்துல ஏறி நிக்கற வேல. அந்தக்கா என்ன ஏதுன்னு கேட்டதுக்கு யாரோ ட்ரைவரு குடி போதைல ஏத்திட்டான்னு சொல்லிட்டாங்க. அது மாமா கிட்ட வந்து மோந்து பாத்துதுக்கா. மெய்யாலுமே. மூஞ்சிக்கு பக்கத்துல வந்து மோந்து பாத்துது. மாமா வாய தொறந்து காட்டினாரு. அது நம்பல. டாக்டர் வந்து கூப்புட்டதும் உள்ள பூட்ச்சு.

நேத்து உத்தமன் வந்து வண்டிக்கு அடில படுத்தாரு. ரொம்ப நேரம் கழிச்சி கையில ஒரு ரப்பரோட வெளிய வந்தாரு. ராத்திரி ஊற வெச்ச கொண்டக்கடல மாரி உப்பிகினு இருந்துச்சு. பிரேக்ல ஷாக் ஆயில் கீது அண்ணாத்தே, அது பட்டா இந்த ரப்பரு இப்டி தான் ஊதும், அப்பறம் எப்டி பிரேக்கு புடிக்கும்னாரு.

அத்த அங்கயே தரைல உக்காந்துடுச்சு. நான் தான் பாவி, நான் தான் ரெண்டுக்கும் ஒரே கயிற கட்டினேன்னு தலைல அடிச்சிகினுச்சு. மாமா அத கேக்கவே இல்ல. என்ன தான் பாத்தாரு. கோவமா இல்லக்கா. கோவமா பாத்திருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ.

"அகலு. நீ தண்ணில உட்டுப் பாத்துட்டு தானம்மா குடுத்த?"

உத்தமன் பாக்கறாரு. அத்த பாக்குது. 

"பாத்தேன் மாமா."

"அவ பாத்திருப்பா"ன்னு மாமா உத்தமன்கிட்ட சொன்னாரு. "அவ குடுத்தது சரியா தான் கீது. நான் தான் கீழ வெச்சிட்டு மறுக்கா எடுத்தேன். ரெண்டும் பக்கத்துல கீது. கண்ணு மோசம் பண்ணிட்ச்சு."

அந்த நிமிஷம் எனக்கு உள்ள அப்டியே குளுந்து போச்சுக்கா. தப்பிச்சிட்டேன்னு. அந்த குளுமைய நெனச்சா தான் இப்ப என்ன நானே தொட கூசுது. ரெண்டு பெரியவங்க, ஒருத்தர் நான் பண்ணேன்றாரு, இன்னொருத்தர் இல்ல நான் தான்றாங்க. பண்ணினவ சம்பந்தமே இல்லாம துணி மடிக்கறவ மாரி நின்னுகினு கீறேன்.

மாமா அதுக்கப்பறம் எல்லாத்தயும் சொல்லிட்டாரு அத்தகிட்ட. லேசருக்கு அப்பறமும் சரியா தெரியலன்றது, பொழுது சாஞ்சா விளக்க சுத்தி வட்டம் வட்டமா தெரியுதுன்றது, என்ன எதுக்கு கூட்டினு போறாருன்றது. அத்த என்ன பாத்துச்சு, ஏண்டி நீயாச்சும் சொல்லியிருக்க கூடாதான்னு. அதுக்கும் நான் தல குனிஞ்சேன். அந்த குனியறது சுலபமா இருந்துச்சு. மாமா சாவிய எடுத்து அத்த கையில குடுத்துட்டாரு. இனிமே ஸ்டீரிங் தொட மாட்டேன், பகல்லயும் தொட மாட்டேன்னாரு. அத்த முந்தானைல முடிஞ்சிகினுச்சு. சந்தோஷமா அழுவுதா துக்கமா அழுவுதான்னே தெரியல. வண்டி ஓட்டாதன்னு ரொம்ப நாளா அத்த கேட்டுகினு இருந்தது தான.

இன்னிக்கி முழுக்க மாமா ஷெட்டு பக்கமே போவல. டிவி முன்னாடி உக்காந்துகினு இருந்தாரு, ஆனா அது ஓடல. மதியம் ரசம் ஊத்த போய் தட்டுக்கு வெளிய ஊத்திட்டாரு. முன்ன எல்லாம் அப்டி ஊத்தினா, கை தவறிட்ச்சுன்னு சிரிப்பாரு. இன்னிக்கி, பாத்தியா ஜெகதா, தட்டே தெரிலன்னாரு. அது மெய்யாலுமே தெரியாம ஊத்தினாரா, தெரியாதுன்னு நம்பிட்டதால ஊத்தினாரா? எனக்கு தெரியலக்கா.

இத தான் நான் சுத்தி சுத்தி வர்றேன். நான் உண்மைய சொல்லிட்டா, அன்னிக்கி கண்ணு தப்பு பண்ணலன்னு அவருக்கு தெரிஞ்சிடும். உடனே சாவிய கேப்பாரு, எனக்கு தெரியும் அவர. பாத்தியா ஜெகதா, என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னுவாரு. ஆனா கண்ணு மோசம் தான. பஸ் நம்பர் தெரியாதவரு தான. பொறகு ஒரு நாள் மெய்யாலுமே கண்ணால ஒரு கொழந்தைய அடிச்சிட்டா? இப்டி யோசிக்கும்போது நான் சும்மா இருக்கறது தான் சரின்னு தோணுது. அப்டி தோணும்போது கொஞ்சம் நிம்மதியா வேற கீது. அந்த நிம்மதி வந்ததும் தான் சந்தேகம் வருது, இது நான் மாமாக்காக யோசிக்கறதே இல்லயோன்னு.

சாய்ங்காலம் என்ன கூப்டு பக்கத்துல உக்கார வெச்சாரு. உன்ன பக்கத்துல வெச்சிகினு ஓட்டினேனே, உனக்கு எதுனா ஆயிருந்தா உங்கம்மா மூஞ்சில எப்டி முழிப்பேன், என்ன மன்னிச்சிடும்மான்னாரு. எங்கிட்ட மன்னிப்பு கேட்டாருக்கா.

அப்பறம் சொன்னாரு, "காலைல ஆஸ்பத்திரிக்கு போலாம். அந்த பொண்ணு நான் குடிச்சிட்டு ஏத்தினேன்னு நெனச்சிகினு கீது. நான் சொன்னா நம்பாது. சின்னப் பொண்ணு, நீ சொன்னா நம்பும். எங்க மாமா குடிக்க மாட்டாரு, அவருக்கு கண்ணு தெரியல, அதான் ஆயில மாத்தி ஊத்திட்டாருன்னு நீயே சொல்லிடு. எம்மாடி, சொல்லுவியா?"

சரி மாமான்னேன்.

அவரு நாளைக்கு கட்டிகினு போறதுக்கு வெள்ள வேட்டிய எடுத்து நாற்காலி மேல போட்டுட்டு படுத்துட்டாரு. அத்தயும் தூங்கிடுச்சு. விடிஞ்சா அந்த கன்னியம்மாக்கா எதுர்ல போய் நிக்கணும். அது என் மூஞ்சிக்கு கிட்ட வந்து பாக்கும், அன்னிக்கி மாமாவ பாத்த மாரி. மாமா பின்னாடி நின்னுகினு இருப்பாரு, நான் சொல்லப் போறத கேட்டுகினு. வாய தொறந்தா எது வரும்க்கா எனக்கு?